புதுநன்மை ஃபிராக்

ஆன்றோ வீட்டில் நாலு மிஷின். கீழே இரண்டு, மாலாவில் இரண்டு. மாலா என்றால் இரும்பு ஏணி போட்டு ஏறுகிற மேல்தட்டு. எங்கள் தாராவிச் சந்தில் பாதி சனத்துக்கு வேலை, தூக்கம் எல்லாம் அங்கேதான். கீழே ஜன்னலோரம் கிடக்கிற மிஷின் அவன் பெண்டாட்டி ஷைனியுடையது. ஆகஸ்டு நடுவிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை. செப்டம்பர் கடைசி ஆகியும் மழை விட்டபாடில்லை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்துக்கு மேல் பேச வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். அந்த வீட்டில் அப்போது கத்துவதற்கு யாருக்கும் தெம்பில்லை.

நான் இசக்கிப்பாண்டி. சந்து முனையில் லேஸ், பட்டன், நூல் கடை வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷமாக இந்தச் சந்தில் தைக்கிற பிள்ளைத் துணிக்கெல்லாம் ஓரம் வைத்தது என் கடைச் சரக்கு என்று எவனிடம் வேண்டுமானாலும் பெருமையடித்துக்கொள்வேன். இந்தக் கதையில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஆன்றோவும் ஷைனியும் தூத்துக்குடிப் பக்கத்து வேதக்காரர்கள். தைப்பது பெண் பிள்ளைகளுக்கான ஃபிராக். கிறிஸ்துமஸ், பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் மேலே புதுநன்மை. கோயிலில் பிள்ளைகள் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாளுக்கு அப்படிப் பெயர். பெண் பிள்ளை என்றால் அன்றைக்கு வெள்ளை ஃபிராக், தலையில் வெள்ளைப் பூமுடி. நவம்பர் பிறந்தால் பம்பாய்க் கோயில்களில் ஒவ்வொன்றாக ஆரம்பித்துவிடும். மாட்டுங்காவில் துணிக்கடை வைத்திருக்கிற ஜெயகணேஷ், மூன்று தலைமுறையாக பம்பாயில் இருக்கிற திருநெல்வேலி வியாபாரி, வருஷா வருஷம் இவர்களிடம்தான் புதுநன்மை ஃபிராக் எடுப்பார். அந்த ஒரு ஆர்டரில்தான் இவர்கள் வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதிக்கும்.

ஆன்றோவுக்கும் ஷைனிக்கும் ஒரே பிள்ளை. அனிஷா. ஏழு வயசு. ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். டெங்கு என்றார்கள். திங்கட்கிழமை காலையில் பிள்ளை இல்லை.

புதுநன்மை வாங்காத வயசில் பிள்ளை போய்விட்டால் அது சம்மனசு, அதாவது தேவதூதர், ஆகிவிட்டது என்பார்கள் வேதக்காரர்கள். வெள்ளை உடுப்புப் போட்டு, தலையில் பூமுடி வைத்துத்தான் பெட்டியில் கிடத்துவார்கள். அந்த வருஷத்துச் சாம்பிளாக ஷைனி ஒரு வெள்ளை ஃபிராக் தைத்துக்கொண்டிருந்தாள். நெட் துணி, உள்ளே சாட்டின், இடுப்பில் நெருக்கமாகச் சுருக்கு. லேஸ் மட்டும் பாக்கி. பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கிடத்தியிருக்கும்போதே அவள் எழுந்து என் கடைக்கு வந்தாள். சூரத்திலிருந்து வந்த மல்லிமொட்டு லேஸில் மூன்று மீட்டர்தான் மிச்சம் இருந்தது. முழுசையும் அறுத்துக் கொடுத்தேன். வீடு நிறைய ஆட்கள் அழுதுகொண்டிருக்க, அவள் மிஷினில் உட்கார்ந்து கழுத்துக்கும் கைக்கும் லேஸ் வைத்து முடித்தாள். ஒரு இடத்தில்கூடத் தையல் கோணவில்லை. அதுதான் அவள் கடைசியாகத் தைத்தது.

பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரில் இருக்கிறவர்கள் முகம் பார்க்க வேண்டுமே. ஷைனியின் தம்பி சுபின் தன் போனில் எடுத்தான். சுற்றி நின்றவர்களோடு நாலைந்து, பிள்ளையை மட்டும் வைத்து ஒன்று. அப்புறம் சிவ்ரி கல்லறைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

நாற்பது நாள் தாண்டி ஒரு புதன்கிழமை ஜெயகணேஷ் போன் செய்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். ஷைனி ஒன்றும் சாப்பிடுவதில்லை, டீயில் காரி பிஸ்கட் தொட்டுத் தின்பதோடு சரி என்று ஆன்றோ சொல்லியிருந்ததால், என் வீட்டில் வைத்த நெத்திலிக் குழம்பைத் தூக்குப்போணியில் கொண்டு போயிருந்தேன். ஆன்றோ ஸ்பீக்கரில் போட்டான்.

“ஆன்றோ, மனசு சரியில்லாம இருக்கும்போது கேக்கேன்னு நெனைக்காதிய. ஜூலைல நான் வந்தப்ப கட்டிங் டேபிள்ல ஒரு வெள்ள ஃபிராக்கு கெடந்துச்சுல்லா, நெட்டு வச்சது. இந்த வருசம் அததான் முன்னால போடலாம்னு இருக்கேன். அதோட படம் எங்க?”

“லேஸ் வைக்க வேண்டியிருந்துச்சு மொதலாளி.”

“வச்சாச்சா?”

ஆன்றோ என்னைப் பார்த்தான். “வச்சாச்சு.”

“பெறகென்ன. இப்பல்லாம் யாரு கடைக்கு வந்து துணியத் தொட்டுப் பாக்கா. எல்லாம் வாட்ஸப்புலதான். படம் நல்லா இருந்தா மால் போவும், இல்லன்னா கெடந்து மக்கும். வெள்ளிக்கெழம கேட்லாக்க முடிக்கேன். உங்க படம் வரலன்னா பிவண்டிக்காரனுக்குக் குடுக்க வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்கிடக்கூடாது.”

போனை வைத்ததும் நான் கேட்டேன். “உள்ளதச் சொல்லிர வேண்டியதுதானல?”

“பிள்ளைக்குப் போட்டுப் பொதச்ச டிசைன்னு சொன்னா எந்தத் தாய் அண்ணாச்சி தம் பிள்ளைக்கு வாங்குவா?” என்றான். அது நிஜம்தான்.

ஆர்டர் போனால் மிஷின்களை ஏறக்கட்டிவிட்டு, கோவண்டியில் மாமியார் வீட்டு மூலையில் போய் ஒண்ட வேண்டியதுதான். அது அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் பயந்தது அதற்கில்லை. ஏணிக்குக் கீழே வந்து என் காதோடு சொன்னான். “வேல வந்தா உக்காந்துருவா அண்ணாச்சி. கை சும்மா இருக்கதுனாலதான் இப்படி இருக்கா. டிசம்பர் வரைக்கும் தைக்கதுக்கு இருந்துச்சுன்னா ஆளு மீண்டுருவா.”

வியாழக்கிழமை காலையில் ஆன்றோ அதே மாதிரி ஒன்றை வெட்டித் தைத்தான். மல்லிமொட்டு லேஸ் என் கடையில் இல்லை. சூரத்தில் கேட்டதற்குப் பத்து நாள் ஆகும் என்றான் மொத்தக்காரன். மத்தியானம் சுபின் கோவண்டியிலிருந்து வந்தான். பையனுக்கு இருபத்தாறு வயசு, ஒரு ஆபீஸில் மருந்து டப்பாக்களுக்கு லேபிள் போடுகிற வேலை. இந்தி வெள்ளமாக வரும். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் முழிப்பான்.

“ரெண்டு ஆப் இருக்கு அத்தான்,” என்றான் ஆன்றோவிடம். “இது சிம்பிள். பின்னால உள்ளத மட்டும் வெட்டி எடுத்துட்டு வெள்ளைய வச்சிரும். பொருள் எப்படி இருக்கோ அப்படியே காட்டும். இன்னொண்ணு ஏஐ. துணிய மட்டும் குடுத்தா அதுவே ஒரு பிள்ளைக்கு மாட்டி, நிக்க வச்சு, லைட்டெல்லாம் போட்டு, போஸ்டரும் அடிச்சுக் குடுத்துரும். ஏழு நாளு ட்ரையல் ஃப்ரீ.”

“எது நல்லது?”

“எது வேணுங்கறதப் பொறுத்து அத்தான்.”

முதலில் வெட்டுகிற ஆப்பில் போட்டார்கள். ஃபிராக்கை ஹேங்கரில் மாட்டி ஆணியில் தொங்கவிட்டு எடுத்த படம். சுவர், ஆணி, ஈரக்கறை எல்லாம் போய் ஃபிராக் மட்டும் வெள்ளையில் நின்றது. சுத்தமாகத்தான் இருந்தது. வெள்ளையில் வெள்ளை வேறு, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அனுப்பினான். ஐந்தாவது நிமிஷம் ஜெயகணேஷ் பேசினார். “என்ன ஆன்றோ, கொடியில காயப் போட்டாப்ல இருக்கு? ஒரு பிள்ளைக்குப் போட்டு எடுங்க. லேஸ் எங்க?”

அடுத்தது ஏஐ. நீலக் கண்ணும் செம்பட்டை முடியுமாக ஒரு பிள்ளை வந்து நின்றது. லேஸ் என்று சுபின் அடித்ததற்கு அது உள்ளங்கை அகலத்துக்கு ரோஜாப்பூ வைத்துக் கொடுத்தது. நான் முப்பத்தொரு வருஷமாக லேஸ் விற்கிறேன், அப்படியொன்றை எந்த மில்லும் நெய்யாது. மேலே தமிழில் என்னவோ எழுதியிருந்தது.

“‘புதுநன்மை’ன்னு அடிக்கச் சொன்னேன். வந்திருக்கா அங்கிள்?” என்று கேட்டான்.

“தமிழே வரலையேப்பா. கொம்பும் காலும் அள்ளி எறைச்சு வச்சிருக்கு.”

நம் ஊர்ப் பிள்ளை என்று கேட்டதற்கு நெற்றிச்சுட்டியும் மூக்குத்தியும் கை நிறைய மெகந்தியுமாக ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை போன வீட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். ஷைனி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஒரே சட்டியை வெகுநேரமாகத் தேய்த்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதையும் அனுப்பினான். “கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்கு. நம்ம கோயிலுக்குப் போற பிள்ள மொகமா வேணும் ஆன்றோ. லேஸ் பளிச்சுன்னு தெரியணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம்,” என்று பதில் வந்தது.

மழை வலுத்தது. வாசல்படியில் சாக்கடைத் தண்ணீர் ஏறாமலிருக்க ஆன்றோ மணல் மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினான்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேப்பேன். உங்க பேத்தி ஷர்மிளாவுக்கு இந்த ஃபிராக்கு அளவு சரியா இருக்கும். அஞ்சு நிமிசம் போட்டு நின்னான்னா போதும். லேஸ இவன் எப்படியாவது ஒட்ட வச்சிருவான்.”

என் மகன் பிள்ளை அவள், எனக்குக் கண். அந்தத் துணியில் அவளை நிறுத்துவதா? அனிஷா பெட்டியில் கிடந்தது அப்படியே என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அந்தச் சந்தில் எந்த வீட்டிலும் சம்மதித்திருக்க மாட்டார்கள். ஆனால் அவன் வேறு யாரிடமும் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டான்.

“அவளுக்கு ரெண்டு நாளா இருமலுல்லா,” என்றேன். பொய். காலையில்தான் குடையைச் சுழற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

ஆன்றோ தலையை ஆட்டினான். புரிந்துகொண்டான் என்பது எனக்கும் புரிந்தது. அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நான் வாயைத் திறந்தேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

“எல, புதுசா எதுக்கு எடுக்கணும். அந்தப் படம் இருக்குல்லா. அதுல லேஸ் தெளிவாத்தான இருக்கு.”

எந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை. சுபின் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான். ஆன்றோ என்னையே பார்த்தான். “அண்ணாச்சி, நீங்க கெளம்புங்க,” என்றான் பைய. அவன் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. ஷைனி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அண்ணாச்சி இருக்கட்டும்,” என்றாள். “எல சுபினு, அந்தப் படத்தப் போடு.”

“அக்கா, வேண்டாம்.”

“போடுங்கேன்.”

“ஷைனி, ஆர்டர் போனாப் போவுது. நான் பாத்துக்கிடுதேன்,” என்றான் ஆன்றோ.

“நான் ஆர்டருக்குச் சொல்லல. ரெண்டு ஆப்புலயும் போடு, நான் பாக்கணும்.”

அவள் நாற்பது நாளில் அவ்வளவு பேசியதில்லை. அதனாலேயே யாராலும் தடுக்க முடியவில்லை. சுபின் அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தாலே போன் தெரிந்தது.

முதலில் வெட்டுகிற ஆப். பெட்டி போனது. மெழுகுதிரி, சாமந்தி மாலை, பெட்டி விளிம்பைப் பிடித்திருந்த யாருடைய கையோ, எல்லாம் போனது. பிள்ளை மட்டும் வெள்ளையில் கிடந்தாள். மூடின கண், மூக்கில் வைத்த பஞ்சு, விரலில் சுற்றிய ஜெபமாலை. ஒன்றையும் அது தொடவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டும் என்று சுபின் சொன்னது சரிதான். கழுத்தில் மல்லிமொட்டு லேஸ், மொட்டு மொட்டாக எண்ணலாம் போல இருந்தது.

ஷைனி அதை வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. “மத்ததுல போடு,” என்றாள்.

சுபின் தட்டினான். ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. சிக்னல் இல்லாமல் இரண்டு தடவை நின்றுபோய், அவன் வாசலில் போய்க் கையை வெளியே நீட்டி நனைந்துகொண்டு நின்றான். வந்தது. அதைத் தான் பார்க்காமலே அக்காவிடம் கொடுத்தான்.

அனிஷா நின்றுகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. பஞ்சு இல்லை. ஜெபமாலையை மட்டும் அது விட்டுவைத்து, கையில் பிடித்திருக்கிற மாதிரி ஆக்கியிருந்தது. பின்னால் ஏதோ கோயில், மஞ்சள் வெளிச்சம். பிள்ளை நேராக எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் சாமி கும்பிடுகிறவன். அந்த நேரத்தில் எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. ஆன்றோ ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஷைனி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். விரலை வைத்துப் பெரிசாக்கினாள். கண்ணைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள்.

“பல்லு இருக்கு,” என்றாள்.

“என்னக்கா?”

“ரெண்டு முன்பல்லும் ஜூன்லயே விழுந்துட்டுல்லா. மொளைக்கவே இல்லியே. இதுக்கு வரிசையா இருக்கு.” போனை ஆன்றோ பக்கம் நீட்டினாள். “இது நம்ம பிள்ள இல்ல. அனுப்பிருங்க.”

ஆன்றோ வாங்கவில்லை. “மனசறிஞ்சுதான் சொல்லுதியா?”

“நம்ம பிள்ளைய நம்மதான் கொண்டு வச்சோம். இது வேற பிள்ள. யாரோ. அனுப்புங்க, வேலையப் பாக்கணும்லா.”

கடைசிச் சொல்லைக் கேட்டதும் ஆன்றோவின் முகம் மாறியது. வேலையைப் பார்க்க வேண்டும் என்று அவள் வாயால் கேட்பதற்காகத்தானே அவன் இத்தனை பாடு பட்டான். பாவிப் பயல், அதற்காக அனுப்பினான். அனுப்பாதே என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

ஆர்டர் கிடைத்தது, அதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முழுக்க அந்த வீட்டில் வெள்ளைத் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. சூரத்து லேஸ் பெட்டி பெட்டியாக வந்தது, நான்தான் வரவழைத்தேன். ஷைனி தைக்கவில்லை. அவள் மிஷினில் ஆன்றோ ஒரு பீகார்க்காரனை உட்கார வைக்க வேண்டியதாயிற்று. மாட்டுங்காக் கடை வாசலில் அந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு அடித்து வைத்திருக்கிறார்கள் என்று என் மருமகள் வந்து சொன்னாள். நான் அந்தப் பக்கமே போவதில்லை. ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அந்த வியாழக்கிழமை, படம் போய்க் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாட்ஸப்பில் ஜெயகணேஷின் குரல் வந்தது. அவர் வந்துபோகிற நேரமெல்லாம் அனிஷா பள்ளிக்கூடத்தில் இருப்பாள், அவள் முகத்தை அவர் பார்த்ததில்லை. ஆன்றோ பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

“ஆன்றோ, அருமை. இதத்தான் நான் கேட்டேன். யாரு வீட்டுப் பிள்ள? நல்ல களையான மொகம். போஸ்டருக்கும் இவளையே போட்டுருவோம். இன்னொண்ணு, எட்டு வயசு, பத்து, பன்னெண்டு, இந்தச் சைசுக்கும் படம் வேணும். இவளுக்கு அக்காமாரு இருந்தா அவங்களுக்கே போட்டு எடுங்க. ஒரு வீட்டுப் பிள்ளையள் மாதிரி பாக்க நல்லா இருக்கும்.”

குரல் முடிந்து டிக் என்று நின்றது. சுபின், ஆபீஸ் பழக்கத்தில், யோசிக்காமல் சொல்லிவிட்டான். “அக்காமாரு வேண்டாம். இதுலயே வயச மாத்தலாம்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. போனை எடுத்துப் பையில் வைக்கப் போனான். ஷைனி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எட்டு வை.”

“அக்கா, வேற பிள்ளன்னு சொன்னியே.”

“வைல.”

வைத்தான். எட்டு வயசுப் பிள்ளைக்கு முகம் கொஞ்சம் நீண்டிருந்தது. பத்து வைக்கச் சொன்னாள். முடி தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. பன்னிரண்டில் தாடையும் நெற்றியும் அப்படியே ஷைனி. ஆன்றோ கிட்டே வந்து குனிந்து பார்த்தான், பார்க்காமல் இருக்க அவனாலும் முடியவில்லை. ஷைனியின் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

“பெறகு?” என்றாள்.

“பன்னெண்டுக்கு மேல நம்மகிட்ட சைசு கெடையாது ஷைனி,” என்றான் ஆன்றோ.

“சைச யாரு கேட்டா,” என்றாள் அவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “பதினஞ்சு வை.”